தெளிந்த கோழி சூப்: வீட்டில் முறையாகச் செய்யும் வழி

கோழி சூப்புக்கு வேண்டியவை ஒரு கோழி, தண்ணீர், உப்பு, இரண்டு மூன்று காய்கறிகள் ஆகியவைதான். இவ்வளவு எளிய பண்டம் பல சமயங்களில் சப்பென்று போய்விடுவதற்கு மசாலா குறைந்தது காரணம் அன்று. இறைச்சிக்கு ஒரு நேரக்கணக்கு, எலும்புக்கு வேறொரு நேரக்கணக்கு என்பதை மறந்து, இரண்டையும் ஒன்றாகப் போட்டு ஒன்றாக இறக்குவதால்தான் சூப் கெடுகிறது. நெஞ்சுக்கறி முக்கால் மணி நேரத்துக்குள் வெந்துவிடும். அதற்கு மேல் ஒவ்வொரு நிமிடமும் அது சாறிழந்து சக்கையாகிக்கொண்டே போகும். எலும்பிலும் குருத்தெலும்பிலும் இருக்கிற சத்தும் பசையும் நீரில் இறங்குவதற்கோ ஒன்றரை மணி முதல் மூன்று மணி நேரம் வரை பிடிக்கும். ஆகவே கறி வெந்ததும் அதை வெளியே எடுத்துவிட்டு எலும்பை மட்டும் மீண்டும் பானைக்கு அனுப்ப வேண்டும். இந்த ஒரு பழக்கம் வந்துவிட்டால் மற்றவை அனைத்தும் சிறு சிறு திருத்தங்களே.

முதலில் கோழியைத் தேர்ந்தெடுப்போம். இறைச்சிக்காகவே வளர்க்கப்படும் பிராய்லர் கோழி சில வார வயதிலேயே விற்பனைக்கு வந்துவிடுகிறது. அதன் சதை மிருதுவானது, சீக்கிரம் வேகக்கூடியது. ஆனால் அதிகம் நடமாடாமல் வளர்ந்த இளம் பறவையாதலால் சுவை சற்று மெல்லியதாகவே இருக்கும். ஓராண்டுக்கு மேல் வளர்ந்த கோழி, குறிப்பாக முட்டையிட்டு ஓய்ந்த பெட்டைக்கோழி, கடித்துத் தின்பதற்கு முரடு. சூப்புக்கோ அதுதான் முதல்தரம். அதன் தசையிலும் இணைப்புத் திசுவிலும் சேர்ந்திருக்கும் சாரம் மெதுவாக இறங்கி, நீரைக் கனமான குழம்புநீராக மாற்றிவிடும். முற்றிய கோழி கிடைத்தால் அதையே வாங்குவது நல்லது. கிடைக்காவிட்டால் இளங்கோழியை வாங்கி, அதனுடன் கூடுதலாக எலும்புப் பகுதிகளைச் சேர்த்து அந்தக் குறையை ஈடுசெய்யலாம்.

எந்தப் பகுதிகளைச் சேர்க்கிறோம் என்பதில்தான் சூப்பின் உடல்வாகு அடங்கியிருக்கிறது. தோல், தசைநாண், குருத்தெலும்பு ஆகியவற்றில் கொலாஜன் என்னும் புரதம் நிறைந்திருக்கிறது. நீண்ட நேரம் சூட்டில் இருக்கும்போது அது அவிழ்ந்து ஜெலட்டினாக மாறி நீரில் கரைகிறது. ஒரு வாய் பருகியதும் உதட்டில் லேசான பிசுபிசுப்பும் நாவில் ஒரு கனமும் தங்குகின்றனவே, அவை இந்த ஜெலட்டினின் வேலை. கோழியின் பாதத்தில் கறியென்று சொல்லத்தக்க எதுவும் இல்லை. தோலும் தசைநாணும் எலும்பும்தான். அதனாலேயே சூப்புக்கு அதைவிடச் சிறந்த பகுதி வேறில்லை. பாதத்தைக் கண்டால் முகம் சுளிப்பவர்கள் இறக்கையைச் சேர்க்கலாம். அதில் தோலும் மூட்டுகளும் மிகுதி. அதற்கு அடுத்த நிலையில் கழுத்தும் முதுகும் வரும். எலும்பில்லாத நெஞ்சுக்கறியை மட்டும் வாங்கிவந்து சூப் வைப்பதைப் பற்றி என் கருத்தைக் கேட்டால், அதற்குச் செலவிடும் எரிபொருள் வீண் என்றே சொல்வேன்.

நான்கைந்து பேர் வயிறார உண்ணும் அளவுக்கு, ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ எடையுள்ள ஒரு முழுக்கோழி, அதனுடன் அரைக் கிலோ இறக்கை அல்லது பாதம், மூன்று லிட்டர் தண்ணீர் என்று வைத்துக்கொள்ளுங்கள். வெந்து, வற்றி, வடிகட்டி முடிக்கும்போது ஏறத்தாழ இரண்டு லிட்டர் சூப் நிற்கும். கோழி மூழ்குவதற்கு மேல் இரண்டு விரற்கடை நீர் இருந்தால் போதும் என்பது அளவுக்கோப்பை இல்லாமலே பார்க்கக்கூடிய கணக்கு. நீர் அதிகமாகிவிட்டால் பின்னால் வற்றவைத்துக்கொள்ளலாமே என்று தோன்றலாம். வற்றவைக்க நெடுநேரம் கொதிக்கவிடும்போது கோழியின் மணமும் ஆவியோடு சேர்ந்து போய்விடும். ஆகவே அகலமான பானையைவிட, கோழி நெருக்கமாகப் பொருந்தி உட்காரும் உயரமான, அடிகனமான பானையே இதற்கு ஏற்றது. அதில் குறைந்த நீரே கோழியை மூடிவிடும்.

பச்சைக் கோழியைக் குழாயடியில் வைத்துக் கழுவும் வழக்கத்தைப் பலரும் கைவிடத் தயங்குவார்கள். ஆனாலும் சொல்லியாக வேண்டும்: கோழியின் மேற்பரப்பில் இருக்கக்கூடிய சால்மொனெல்லா, கேம்பிலோபேக்டர் போன்ற கிருமிகள் கழுவுவதால் அழிவதில்லை. தெறிக்கும் நீர்த்துளிகளோடு அவை தொட்டியிலும் மேடையிலும் அருகில் வைத்திருக்கும் காய்கறிகளிலும் பரவுகின்றன. அவற்றைக் கொல்வது அடுப்பின் சூடுதான். அமெரிக்க வேளாண்மைத் துறையும் பிரிட்டனின் உணவுத் தர முகமையும் பச்சைக் கோழியைக் கழுவ வேண்டாம் என்றே அறிவுறுத்துகின்றன. இரத்தக்கட்டோ, இறகின் அடிக்குருத்தோ ஒட்டியிருந்தால் சமையல் தாளால் துடைத்தெடுத்துவிடுங்கள். எப்படியும் கழுவித்தான் ஆக வேண்டும் என்பவர்கள், ஓடும் நீரில் காட்டாமல் ஒரு பாத்திரத்து நீரில் மெதுவாக அலசிவிட்டு, தொட்டியையும் கைகளையும் சோப்பிட்டுத் துலக்குவது குறைந்தபட்சப் பாதுகாப்பு. கோழி வெட்டிய பலகையிலேயே காய் நறுக்கக் கூடாது என்பதைத் தனியே சொல்ல வேண்டியதில்லை.

கோழியை நான்கு பகுதிகளாகப் பிரித்தால் போதும்: இரண்டு கால் தொடைகள், எலும்போடு கூடிய நெஞ்சு, முதுகு. சிறு சிறு துண்டுகளாக வெட்டினால் எலும்புச் சில்லுகள் உதிர்ந்து, உண்ணும்போது வாயில் இடறும். கல்லீரலைச் சூப்பில் சேர்க்காதீர்கள். அது நீரைக் கலங்கலாக்கிக் கசப்பையும் கொடுக்கும். இரைப்பையும் இதயமும் சேரலாம்.

இனி அடுப்பு. கோழித் துண்டுகளையும் பாதங்களையும் பானையில் அடுக்கி, அவற்றின் மேல் பச்சைத் தண்ணீரை ஊற்றுங்கள். வெந்நீர் கூடாது. கறியின் மேற்பரப்பிலிருந்து கரைந்து வரும் புரதங்கள் குளிர்ந்த நீரில் முதலில் கலந்து, நீர் மெல்லச் சூடேறச் சூடேற ஒன்றோடொன்று திரண்டு, கட்டிகளாக மேலே மிதந்து வரும். கரண்டியால் வாரி எடுத்துவிடலாம். கொதிக்கும் நீரில் போட்டாலோ அதே புரதங்கள் உடனுக்குடன் நுண்ணிய துகள்களாக உறைந்து நீர் முழுதும் பரவி நிற்கும். அவற்றை வாரவும் முடியாது, எளிதில் வடிகட்டவும் முடியாது.

மிதமான தீயில் பானையை வைத்து, இருபது நிமிடம் அதன் பக்கத்திலேயே நின்று கவனியுங்கள். இந்த வேலையில் அடுப்பை விட்டு அகலக் கூடாத நேரம் இது ஒன்றுதான். முதலில் நீர் வெளிர் இளஞ்சிவப்பாகக் கலங்கும். பிறகு பானையின் ஓரத்தில் சிறு குமிழிகள் வரிசையாகப் படியும். அடுத்து, சாம்பல் நிறத்தில் மெல்லிய ஏடு ஒன்று ஆங்காங்கே திட்டுத்திட்டாகத் தோன்றி, கொதிநிலை நெருங்கும்போது தடித்த நுரையாகத் திரண்டு, நீரோட்டம் தள்ளித் தள்ளி ஒரு பக்கமாக ஒதுங்கும். அந்த நேரத்தில் தீயைத் தணித்து, ஜல்லிக்கரண்டியைப் படுக்கைவாக்கில் பிடித்து, நீரைக் கலக்காமல் நுரையை மட்டும் வழித்து எடுக்க வேண்டும். பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் தண்ணீர் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு முறையும் கரண்டியை அதில் அலசிக்கொண்டால் எடுத்த நுரை மீண்டும் பானைக்குள் போகாது. பத்து நிமிடம் போனால் சாம்பல் நுரை ஓய்ந்து, வெள்ளை நுரை மட்டும் வரும், அதை விட்டுவிடலாம். இந்த நுரை நஞ்சு என்று சிலர் சொல்வது தவறு. அது உறைந்த புரதம்தான். தின்றால் ஒன்றும் ஆகாது. தெளிவுக்காகவும் சுத்தமான சுவைக்காகவுமே அதை நீக்குகிறோம்.

நுரை அடங்கியபின் தீயின் அளவை நிலைநிறுத்துவதுதான் சூப்பின் உயிர்நாடி. பானைக்குள் பார்த்தால் நீர்ப்பரப்பு பெரும்பாலும் அசையாமல் இருக்க வேண்டும். ஒன்றிரண்டு நொடிக்கு ஒருமுறை எங்கோ ஓரிடத்தில் ஒரு குமிழி எழுந்து உடைய வேண்டும். வெப்பமானி உள்ளவர்கள் 85 முதல் 95 டிகிரி செல்சியசுக்குள் வைத்துக்கொள்ளலாம். தளதளவென்று கொதிக்கவிட்டால் இரண்டு கேடுகள் நேரும். முதலாவது, மேலே மிதக்க வேண்டிய கொழுப்பு, கொதியின் வேகத்தில் நுண்துளிகளாகச் சிதறி நீரோடு கலந்துவிடும். ஜெலட்டின் அந்தத் துளிகள் மீண்டும் ஒன்றுசேராமல் பிடித்து நிறுத்திக்கொள்ளும். சூப் பால்போல் வெளுத்து, வாயில் எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டும். இரண்டாவது, கறியின் நார்கள் இறுகிச் சாற்றைப் பிழிந்து வெளியேற்றிவிடும். வெண்மையான, கெட்டியான சூப்பை வேண்டுமென்றே விரும்பி, எலும்பை மணிக்கணக்கில் கடுமையாகக் கொதிக்கவிடும் சமையல்முறைகளும் உண்டு. அது வேறு பண்டம், அதற்குரிய அழகு அதற்கு. நாம் வைப்பது தெளிந்த சூப். மூடியை முழுதாக மூடினால் உள்ளே வெப்பம் ஏறி நீர் தானாகவே கொதிக்கத் தொடங்கிவிடும். ஆகையால் மூடியைச் சற்றுச் சாய்த்து, ஆவி போக இடைவெளி விட்டு வையுங்கள். கேஸ் அடுப்பைச் சிம்மில் வைத்தும் கொதி அடங்காவிட்டால், பானைக்கும் தீக்கும் இடையே ஓர் இரும்புத் தோசைக்கல்லை வைத்தால் சூடு மட்டுப்படும்.

இளங்கோழியாக இருந்தால், குமிழி எழத் தொடங்கியதிலிருந்து அரை மணி நேரத்தில் நெஞ்சுப்பகுதியைச் சோதித்துப் பாருங்கள். அதன் மிகத் தடித்த இடத்தில் 74 டிகிரி காட்டினால் அது வெந்துவிட்டது. வெப்பமானி இல்லையெனில் கத்தி முனையால் குத்தும்போது வெளிவரும் சாறு இளஞ்சிவப்பாக இல்லாமல் தெளிவாக இருக்கிறதா என்றும், உட்கறி வெள்ளையாகியிருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளலாம். நெஞ்சை உடனே எடுத்து ஒரு தட்டில் வைத்துவிடுங்கள். காலும் தொடையும் இன்னும் கால்மணி, இருபது நிமிடம் இருக்கட்டும். அவற்றில் இணைப்புத் திசு அதிகமாதலால் 74 டிகிரியில் எடுத்தால் ரப்பர்போல் இழுக்கும்; 80 டிகிரிக்கு மேல் போனால்தான் இளகும். கை பொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் கறியை எலும்பிலிருந்து பிரித்து, பெரிய கீற்றுகளாகக் கிழித்து, ஒரு கரண்டி சூப்பை அதன் மேல் ஊற்றி மூடி வையுங்கள். வெறுமனே திறந்து வைத்தால் கறி காய்ந்து ஓரம் இறுகிவிடும். சூப் வேக இன்னும் நெடுநேரம் இருப்பதால், கறி ஆறியதும் குளிர்பதனப் பெட்டிக்குள் வைத்துவிடுவது பாதுகாப்பு. உரித்த எலும்புகளையும் தோலையும் மீண்டும் பானைக்குள் போடுங்கள். முற்றிய கோழியானால் கறி இளகுவதற்கே இரண்டு, மூன்று மணி நேரம் ஆகும். அதில் இந்தப் பிரிப்புக்கு அவசரம் இல்லை.

காய்கறிகளைத் தொடக்கத்திலேயே போடுவது பரவலான வழக்கம். அதில் எனக்கு உடன்பாடு இல்லை. கேரட், வெங்காயம், செலரி ஆகியவை முக்கால் மணி முதல் ஒரு மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டியதைக் கொடுத்துவிடும். அதற்கு மேல் கிடந்தால் குழைந்து, நீரைக் கலக்கி, புத்துணர்வற்ற ஒரு வெந்த வாடையைத்தான் சேர்க்கும். ஆகவே இறக்குவதற்கு ஒரு மணி நேரம் முன்னதாக, ஒரு பெரிய வெங்காயம், இரண்டு கேரட், இரண்டு செலரித் தண்டு ஆகியவற்றைப் பெரிய துண்டுகளாக நறுக்கிச் சேர்த்தால் போதும். வெங்காயத்தைத் தோலோடு இரண்டாக வெட்டிப் போடலாம். அதன் காய்ந்த பழுப்புத் தோலில் உள்ள நிறமி, சூப்புக்கு மஞ்சள் கலந்த பொன்னிறத்தைத் தரும். தோலில் மண்ணோ கரும்பூசணமோ இருந்தால் மட்டும் உரித்துவிடுங்கள். முட்டைக்கோஸ், காலிஃபிளவர், பிராக்கோலி ஆகிய மூன்றும் நீண்ட நேரம் வெந்தால் கந்தக வாடை வீசும். அவை சூப் பானைக்கு ஆகாதவை. உருளைக்கிழங்கின் மாவுச்சத்து தெளிவைக் கெடுக்கும்.

வாசனைப் பொருள்களில் கைச்சிக்கனம் நல்லது. நான்கைந்து பூண்டுப்பல், பார்ஸ்லி அல்லது கொத்தமல்லியின் தண்டு, ஒரு பிரிஞ்சி இலை, அரைத் தேக்கரண்டி முழுமிளகு என்ற அளவே இரண்டு லிட்டருக்குப் போதுமானது. மிளகை நெடுநேரம் வேகவிட்டால் அதன் மணம் போய் ஒருவிதக் கசப்பு மிஞ்சும். ஆகவே கடைசி அரை மணி நேரத்தில் போடுங்கள். இஞ்சியை விரும்புகிறவர்கள் இரண்டு வில்லைகளைச் சேர்க்கலாம். ஒன்றைக் கவனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்: இங்கே கோழியின் சுவைதான் முன்னால் நிற்க வேண்டும். பட்டை, கிராம்பு, ஏலம் என்று அள்ளிப் போட்டால் அடியில் கோழி இருந்ததா என்று தேட வேண்டிவரும்.

மொத்த நேரக் கணக்கு இப்படி அமையும்: இளங்கோழிக்கு, முதல் குமிழியிலிருந்து ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம், முற்றிய கோழிக்கு மூன்று முதல் நான்கு மணி நேரம். அதற்கு மேல் போனால் கோழி எலும்பு பெரிதாக எதையும் தந்துவிடாது. எலும்பு சூப் என்ற பெயரில் இரவு முழுதும் அடுப்பில் வைப்பவர்கள் பெரிய எலும்புகளுக்குரிய கணக்கைச் சிறிய பறவைக்கும் போடுகிறார்கள். முடிந்ததா என்று அறிய, சிறிய கரண்டி சூப்பை ஒரு தட்டில் ஊற்றிக் குளிர்பதனப் பெட்டியில் சற்று நேரம் வைத்து எடுத்துப் பாருங்கள்; தட்டைச் சாய்க்கும்போது நீராக ஓடாமல் தளதளப்பாக நகர்ந்தால் ஜெலட்டின் போதுமான அளவு இறங்கிவிட்டது என்று பொருள்.

நேரம் இல்லாதவர்களுக்குப் பிரஷர் குக்கர் உண்டு. அதை மட்டமாக எண்ண வேண்டாம். வளிமண்டல அழுத்தத்தைப் போல ஏறக்குறைய இரு மடங்கு அழுத்தம் உள்ளே உருவாகும்போது நீரின் கொதிநிலை சுமார் 120 டிகிரிக்கு உயர்வதால், கொலாஜன் வெகு விரைவில் ஜெலட்டினாகிறது. இரண்டு மணி நேர வேலை 40, 45 நிமிடத்தில் முடிந்துவிடும். அழுத்தம் நிலையாக இருக்கும்வரை உள்ளே பெரிய கொந்தளிப்பு இருக்காது. ஆகவே சூப் வியப்பூட்டும் தெளிவோடு வரும். ஆனால் விசில் மேல் விசிலாக அடிக்கவிட்டாலோ, அடுப்பை அணைத்ததும் வெயிட்டைத் தூக்கி ஆவியை வெளியேற்றினாலோ, அழுத்தம் சட்டென்று குறைந்து உள்ளிருக்கும் நீர் முழுதும் ஆவேசமாகக் கொதித்தெழும். அதுவரை காத்த தெளிவு ஒரு நிமிடத்தில் போய்விடும். முதலில் திறந்த குக்கரிலேயே நுரை எடுத்துவிட்டு, பிறகு மூடி, அழுத்தம் வந்ததும் தீயைக் குறைத்து, முடிந்தபின் தானாக அடங்கும்வரை விட்டுவிடுங்கள். நெஞ்சுக்கறியைக் குக்கரில் சேர்க்காமல், பிறகு சூப்பில் தனியே வேகவைத்துக்கொள்வது உத்தமம்.

வடிகட்டும்போது பானையைத் தூக்கிக் கவிழ்க்கக் கூடாது. அடியில் படிந்த கசடு மொத்தமும் கிளம்பிவிடும். கைப்பிடியுள்ள ஆழக்கரண்டியால் மேலிருந்து மொண்டு, மெல்லிய வெள்ளைத் துணி விரித்த வடிகட்டியில் ஊற்றுங்கள். காய்களையும் எலும்பையும் பிழியாதீர்கள். பிழிந்தால் கூடுதலாக அரைக்கிண்ணம் கிடைக்கும், ஆனால் அது கலங்கலாக இருக்கும். அடியில் தங்கும் கடைசி இரண்டு கரண்டியை மனம் கோணாமல் விட்டுவிட வேண்டியதுதான்.

வடிகட்டிய சூப்பின் மேல் பொன்னிறக் கொழுப்பு மிதக்கும். அதை அடியோடு நீக்கிவிடுவது ஆரோக்கியம் என்று நினைப்பவர்கள் உண்டு. கோழியின் மணம் தரும் பொருள்களில் பல கொழுப்பில்தான் கரைந்து நிற்கின்றன. முழுக்க எடுத்துவிட்டால் சூப் வெந்நீர்த்தன்மை அடையும். கிண்ணத்துக்குச் சில கொழுப்புக் கண்கள் மிதக்கும் அளவுக்கு விட்டுவைப்பதே சரி. உடனே பரிமாறுவதானால் கரண்டியை விளிம்பளவு அழுத்தி மேலே உள்ளதை மொண்டுகொள்ளலாம். மறுநாளைக்கென்றால் குளிர்பதனப் பெட்டியில் அது உறைந்து தகடாகிவிடும். பெயர்த்து எடுத்து, வேறு சமையலில் வெங்காயம் வதக்கப் பயன்படுத்தலாம்.

உப்பு இறுதியில்தான். வற்றுவதற்கு முன்பே அளவாக உப்பிட்டால், வற்றிய பிறகு அதுவே கரிக்கும். வடிகட்டி முடித்த சூப்புக்கு லிட்டருக்கு 8 கிராம் அளவில் தொடங்குங்கள். இரண்டு லிட்டருக்கு ஏறத்தாழ இரண்டரைத் தேக்கரண்டித் தூளுப்பு வரும். இதில் முதலில் பாதியைப் போட்டு, கரைத்து, ருசித்து, பிறகு மீதியைச் சிறிது சிறிதாகச் சேருங்கள். உப்பில்லாத சூப்பைச் சுவைத்துவிட்டு அது நன்றாக வரவில்லை என்று முடிவுகட்டிவிடாதீர்கள். எவ்வளவு நல்ல சூப்பும் உப்பில்லாமல் வெறுமையாகத்தான் தோன்றும். வேகும்போதே தரம் பார்க்க வேண்டுமானால், ஒரு சிறு கிண்ணத்தில் கொஞ்சம் மொண்டு, அதில் மட்டும் ஒரு சிட்டிகை உப்பைக் கரைத்து, குடிக்கும் சூட்டுக்கு ஆறவிட்டுச் சுவைக்கலாம். அப்படியும் நீர்த்திருந்தால் இன்னும் அரை மணி நேரம் அடுப்பில் விட வேண்டும். சுவை நிறைந்திருந்தும் ஏதோ ஒன்று குறைவதுபோல் பட்டால், அது பெரும்பாலும் புளிப்பு. அடுப்பிலிருந்து இறக்கியபின் சில துளி எலுமிச்சைச்சாறு விட்டால் எல்லாம் துலங்கிவிடும்.

உப்பு மிஞ்சிவிட்டால் உருளைக்கிழங்கைப் போடு, அது உப்பை உறிஞ்சிக்கொள்ளும் என்ற அறிவுரை எங்கும் உலவுகிறது. கிழங்கு தான் குடித்த நீரோடு சேர்ந்த உப்பைத்தான் எடுக்கும். மிச்ச நீரின் உப்புச்செறிவு குறைவதில்லை. உப்பில்லாத சூப்பையோ வெந்நீரையோ சேர்த்து அளவைக் கூட்டுவது ஒன்றே வழி. கலங்கிப்போன சூப்பைத் தெளிவாக்க வேண்டுமென்றால், முழுதும் ஆறிய சூப்பில், லிட்டருக்கு இரண்டு முட்டையின் வெள்ளைக்கருவை நுரைக்க அடித்துச் சேர்த்து, மெல்லச் சூடேற்றி, வெள்ளைக்கரு அடிபிடிக்காதபடி தொடக்கத்தில் மட்டும் கிளறிவிடுங்கள். அது உறையும்போது கலங்கலையெல்லாம் தன்னோடு இழுத்துக்கொண்டு மேலே படலமாகத் திரளும். அந்தப் படலத்தில் ஒரு துளையிட்டு, அதன் வழியே சூப்பைப் பக்குவமாக மொண்டு வடிகட்டலாம். விருந்துக்கு வேண்டுமானால் இந்தப் பாடு தகும். அன்றாடம் குடிப்பதற்குக் கொஞ்சம் கலங்கலாக இருந்தால் ஒன்றும் குறைந்துவிடாது.

பரிமாறும் சூப்பில் கடிப்பதற்கு இருக்க வேண்டிய காய்கள், சாரம் இறக்கப் போட்டவை அல்ல. அவை தம் கடமையை முடித்துவிட்டன. புதிதாக இரண்டு கேரட்டையும் ஒரு செலரித் தண்டையும் சிறிதாக நறுக்கி, வடிகட்டிய சூப்பில் எட்டுப் பத்து நிமிடம் வேகவையுங்கள். நூடுல்ஸோ சோறோ சேர்ப்பதானால் தனிப் பாத்திரத்தில் வேகவைத்து, கிண்ணத்தில் போட்டு, அதன் மேல் சூப்பை ஊற்ற வேண்டும். பானையிலேயே போட்டுவிட்டால் அதன் மாவு தெளிவைக் கெடுப்பதோடு, மறுநாள் பார்க்கும்போது சூப் முழுவதையும் அது குடித்து ஊதியிருக்கும். எடுத்துவைத்த கறிக்கீற்றுகளைக் கடைசியாகச் சேர்த்து, அவை நன்றாகச் சூடேறியதும் இறக்குங்கள். மீண்டும் வேகவிடக் கூடாது. நறுக்கிய இலைத்தழையைக் கிண்ணத்திலேயே தூவிக்கொள்ளலாம்.

சளிக்குக் கோழி சூப் மருந்தாகுமா என்ற கேள்வி பழையது. 12ஆம் நூற்றாண்டில் எகிப்தில் வாழ்ந்த யூத மருத்துவ அறிஞர் மைமோனிடீஸ், நோயுற்றோருக்குக் கோழி ரசத்தைப் பரிந்துரைத்து எழுதியிருக்கிறார். 1978இல் அமெரிக்காவின் மயாமி பீச் நகரில் நலமுள்ளோரிடம் நடத்திய ஓர் ஆய்வில், சூடான கோழி சூப்பைப் பருகியதும் மூக்குச்சளி நகரும் வேகம் கூடியது தெரிந்தது. வெந்நீரும் அந்த வேகத்தைக் கூட்டியது, குளிர்ந்த நீர் குறைத்தது. அந்த விளைவு அரை மணி நேரத்துக்குள் அடங்கியும் விட்டது. 2000ஆம் ஆண்டில் நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தின் ஸ்டீபன் ரென்னார்டும் குழுவினரும், தம் குடும்பத்தில் வழிவழியாக வந்த முறையில் சமைத்த சூப்பை ஆய்வகத்தில் சோதித்தபோது, சளியின்போது அழற்சியில் பங்கெடுக்கும் நியூட்ரோஃபில் எனப்படும் வெள்ளணுக்களின் நகர்வை அது ஓரளவு மட்டுப்படுத்துவதைக் கண்டனர். இது கண்ணாடிக்கலத்தில் கண்ட முடிவு. குடித்தவரின் உடலில் அதே அளவுக்கு நிகழும் என்று அதைக் கொண்டு சொல்லிவிட முடியாது. நீர், உப்பு, புரதம், இதமான ஆவி ஆகிய நான்கும் ஒரே கிண்ணத்தில் கிடைப்பதால் காய்ச்சல்காரருக்கு ஏற்ற உணவு என்பதில் ஐயமில்லை. நோயுற்றவருக்கு வைக்கும்போது கொழுப்பைச் சற்று அதிகமாகவே நீக்கிவிடலாம். குமட்டல் உள்ளவருக்கு அது ஒத்துக்கொள்ளாது.

மிஞ்சிய சூப்பைப் பத்திரப்படுத்துவதில் அலட்சியம் வேண்டாம். கொதித்த பண்டந்தானே, இரவு முழுதும் அடுப்பின் மேலேயே இருக்கட்டும் என்று விட்டுவிடுவது ஆபத்து. கிளாஸ்ட்ரிடியம் பெர்ஃபிரின்ஜன்ஸ் என்னும் கிருமியின் வித்துகள் கொதியிலும் சாகாமல் தங்கி, பானை மெதுவாக ஆறும்போது வெதுவெதுப்பில் முளைத்துப் பெருகும். ஆகவே சமைத்து முடித்த இரண்டு மணி நேரத்துக்குள் சூப் குளிர்பதனப் பெட்டிக்குள் போய்விட வேண்டும். பெரிய பானையோடு வைத்தால் நடுவிலிருக்கும் சூப் ஆறுவதற்குப் பல மணி நேரமாகும். ஆழமில்லாத பாத்திரங்களில் பிரித்து ஊற்றி, அவற்றைப் பனிக்கட்டி மிதக்கும் நீரில் இறக்கி, அவ்வப்போது கிளறிக்கொடுத்தால் அரை மணி நேரத்தில் ஆறிவிடும். குளிர்பதனப் பெட்டியில் மூன்று, நான்கு நாள் வரை வைத்துக்கொள்ளலாம். உறைபெட்டியில் இரண்டு மூன்று மாதம் சுவை கெடாமல் இருக்கும். உறையும்போது கன அளவு கூடுமாதலால் டப்பாவின் மேல்பகுதியில் இரண்டு விரல் இடம் விடுங்கள். நூடுல்ஸும் சோறும் கலந்த சூப்பை உறையவைக்காமல், வெறும் சூப்பையும் கறியையும் மட்டும் உறையவையுங்கள். எடுத்துப் பயன்படுத்தும்போது வேண்டிய அளவை மட்டும் எடுத்து, 74 டிகிரிக்குக் குறையாமல், அதாவது ஆவி பறந்து குமிழி எழும்வரை சூடாக்கிய பிறகே பரிமாற வேண்டும்.